மிச்சமான நேரம் யார் கணக்கில் சேரும்?

அரசுத் துறைகள் டிஜிட்டல் சேவைகளுக்கும் புதிய மென்பொருள்களுக்கும் நிதி கேட்கும்போது, அந்தக் கோரிக்கையைச் செலவு–பயன் நோக்கில் ஆராய்ந்து கருத்துரைப்பதற்கென்றே பொருளியலாளர்கள் பணியில் இருக்கிறார்கள். அப்பணியில் உள்ள ஒருவர் இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார். பணி விதிகளை முன்னிட்டு அவருடைய பெயரையும் துறையையும் வெளியிடவில்லை.

கேள்வி: நான் முதுகலைப் பொருளியல் இறுதியாண்டு மாணவி. இத்தகைய பணிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். ஆனால் ஒரு மென்பொருள் தேறுமா தேறாதா என்பதைப் பொறியாளர்கள்தானே சொல்ல வேண்டும்? அங்கே பொருளியலாளருக்கு என்ன வேலை?

பதில்: மென்பொருள் ஓடுமா என்பதைப் பொறியாளர்கள்தாம் சொல்ல வேண்டும், அதில் நாங்கள் தலையிடுவதில்லை. அது ஓடினாலும் என்ன கிடைக்கும், யாருக்குக் கிடைக்கும், அதே பணத்தை வேறு வழியில் செலவிட்டிருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்குமா என்பவை எங்கள் கேள்விகள். ஒரு துறையின் கோப்பு எங்களிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் தீர்வு முடிவாகிவிட்டிருக்கும். நிறுவனங்கள் வந்து செயல்விளக்கம் காட்டியிருப்பார்கள், செயலாளரும் தலையசைத்திருப்பார். மறைந்துபோன மாற்று வழிகளைத் திரும்பவும் கோப்புக்குள் கொண்டுவருவதுதான் எங்கள் முதல் வேலை. பழைய மென்பொருளைச் சற்றுச் சீர்செய்தால் போதாதா, விதியை எளிமையாக்கினால் அந்தப் படிவமே தேவைப்படாதல்லவா, வேறொரு துறையிடம் இருக்கும் அமைப்பைப் பகிர்ந்துகொள்ள முடியாதா என்று கேட்போம்.

இவற்றுள் மிகுந்த கவனம் தேவைப்படுவது ‘ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்’ என்ற ஒப்பீட்டு நிலை. அதன் செலவு சுழியம் அன்று. பழைய சர்வருக்கு உற்பத்தியாளர் தரும் ஆதரவு ஒருநாள் நின்றுபோகும். பழைய நிரல் மொழி தெரிந்த ஊழியர்கள் ஓய்வு பெறுவார்கள். இவையெல்லாம் கணக்கில் வர வேண்டும். அதற்காக, ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டே அரசு இயந்திரம் நின்றுவிடும் என்று எழுதுவதும் முறையாகாது. ஒப்பீட்டு நிலையை எவ்வளவு இருட்டாகத் தீட்டுகிறோமோ, அவ்வளவுக்குப் புதிய திட்டம் ஒளிரும். இந்த உத்தி எல்லாத் துறைகளுக்கும் தெரியும். ஆகவே நான் கோப்பின் முடிவுரைக்குப் போகும் முன்பு இந்தப் பக்கத்தைத்தான் படிப்பேன்.

பிரிட்டன் நிதியமைச்சகத்தின் ‘கிரீன் புக்’ என்னும் வழிகாட்டி, எந்தத் திட்டத்தையும் உத்தி, பொருளியல், வணிகம், நிதி, நிர்வாகம் என ஐந்து கோணங்களில் நியாயப்படுத்தச் சொல்கிறது. அவற்றுள் பொருளியல் என்ற ஒன்றுதான் எங்களுக்கு உரியது. மற்ற நான்கும் ஆட்டம் கண்டால், எங்கள் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

கேள்வி: நான் ஒரு துறையின் திட்டப் பிரிவில் பணிபுரிகிறேன். சான்றிதழ் விண்ணப்பங்களை இணையவழிக்கு மாற்றினால் விண்ணப்பம் ஒன்றுக்கு 20 நிமிட ஊழியர் நேரம் மிச்சமாகும். ஆண்டுக்கு 6 லட்சம் விண்ணப்பங்கள் வருகின்றன. ஆக 2 லட்சம் மணி நேரம். ஓர் ஊழியர் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் பணியாற்றுகிறார் என்று கொண்டால், 125 பேரின் சம்பளம் அரசுக்கு மிச்சம். எங்கள் 400 அலுவலகங்களிலிருந்து திரட்டிய விவரத்தைக் கொண்டே இதைக் கணக்கிட்டோம். ஆயினும் மதிப்பீட்டுப் பிரிவு இந்தப் பயனை ஏற்க மறுக்கிறது. ஏன்?

பதில்: உங்கள் பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அதே எண்களை இன்னும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். 2 லட்சம் மணி நேரம் 400 அலுவலகங்களில் பரவிக் கிடக்கிறது. அலுவலகம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 500 மணி நேரம். அது ஓர் ஊழியரின் ஓராண்டு உழைப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எந்த அலுவலகத்திலும் ஒரு நாற்காலி காலியாகப் போவதில்லை. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சம்பளத் தலைப்பின் கீழ் ஒரு காசும் குறையப் போவதில்லை. 125 பேர் என்பது உங்கள் எக்செல் தாளில் மட்டும் இருக்கும் கூட்டம்.

நேரம் மிச்சமாவது ஒன்று, பணம் மிச்சமாவது வேறு. இரண்டுக்கும் இடையே யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவை யார் எடுப்பார், எப்போது எடுப்பார் என்பது கோப்பில் இல்லாதபோது, நாங்கள் அதை ரொக்கமாகும் பயன் என்ற வகையில் சேர்ப்பதில்லை. அலுவலகங்களை இணைத்துப் பணியிடங்களைக் குறைப்பதுதான் உங்கள் எண்ணம் என்றால், அதை வெளிப்படையாக எழுதுங்கள். அப்போது இடமாற்றச் செலவு, ஊழியர் சங்கங்களுடனான பேச்சுவார்த்தை, இணைப்பு முடியும் வரை கழியும் ஆண்டுகள் ஆகியவையும் கணக்கில் ஏறும். பணியிடங்களைக் குறைக்கும் எண்ணம் இல்லை, மிச்சமான நேரத்தில் தேங்கிக் கிடக்கும் கள ஆய்வுகளை முடிப்போம் என்றால், அதுவும் நல்ல பயனே. ஆனால் அப்போது அளக்க வேண்டியது முடிக்கப்படும் கள ஆய்வுகளின் மதிப்பை. ஊழியரின் மணிக் கூலியை அன்று. விண்ணப்பங்கள் ஆண்டுதோறும் பெருகி வருவதால் புதிதாக ஆள் எடுக்க வேண்டிய தேவை தவிர்க்கப்படும் என்ற வாதமும் செல்லும். அதற்கு, இத்திட்டம் இல்லாவிட்டால் புதிய பணியிடங்கள் உண்மையிலேயே ஒப்புதல் பெற்றிருக்கும் என்று காட்டியாக வேண்டும். பணியிடக் கோரிக்கை இதற்கு முன்பு பலமுறை நிராகரிக்கப்பட்டிருந்தால், தவிர்க்கப்பட்ட செலவு என்று எதைச் சொல்வது?

அந்த 20 நிமிடத்தையும் சற்று உற்றுப் பாருங்கள். அது எல்லா விண்ணப்பங்களுக்குமான சராசரி. இணையத்துக்கு முதலில் நகர்பவை ஆவணங்கள் ஒழுங்காக இருக்கும் எளிய விண்ணப்பங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியவை, தந்தை இறந்துபோனவை, பழைய பதிவேட்டைப் புரட்ட வேண்டியவை ஆகியன கவுன்ட்டரிலேயே தங்கிவிடும். ஆகவே மிச்சமாவது 20 நிமிடத்தைவிடக் குறைவாகவே இருக்கும். கவுன்ட்டரில் எஞ்சும் விண்ணப்பம் ஒன்றுக்கு ஆகும் சராசரி நேரமோ முன்பைவிடக் கூடும். இணையவழியும் கவுன்ட்டரும் ஒன்றாக இயங்கும் காலத்தில் இரண்டுக்கும் செலவு செய்ய வேண்டும் என்பதையும் பல கோப்புகள் மறந்துவிடுகின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் பக்கம் நின்றும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விண்ணப்பதாரரின் நேரத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒரு சான்றிதழுக்காக அவர் பயணம் செய்வதும், வரிசையில் நிற்பதும், அன்றைய கூலியை இழப்பதும் அரசின் கணக்கில் செலவாகத் தெரிவதில்லை. ஆனால் சமூகத்துக்கு அது முழுமையான செலவு. நிதிக் கோணத்தில் அதற்கு இடமில்லை, பொருளியல் கோணத்தில் உண்டு. பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் வேலை உறுதித் திட்டக் கூலியையும் ஓய்வூதியத்தையும் கைரேகை சரிபார்க்கும் ஸ்மார்ட் கார்டு வழியாக வழங்கியபோது, 157 மண்டலங்களில் (மாவட்டத்துக்குக் கீழான நிர்வாகப் பிரிவுகள்) எதில் முதலில் தொடங்குவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, விளைவை அளந்தார்கள். அந்த மண்டலங்களில் வாழ்ந்தவர்கள் 1.9 கோடி பேர். 2016இல் வெளியான அந்த ஆய்வின் முடிவுகளுள் ஒன்று, கூலி பெறச் சென்றவர்களுக்கு மிச்சமான நேரத்தின் மதிப்பு மட்டுமே திட்டத்தின் செலவுக்கு ஈடாக இருந்தது என்பது. உங்கள் கோப்பைத் தாங்கி நிறுத்தக்கூடிய தூண் அங்கேதான் இருக்கலாம். நீங்களோ ஊழியர் நேரத்தில் சாய்ந்திருக்கிறீர்கள்.

கேள்வி: அரசின் கணினித் திட்டங்கள் சொன்ன செலவில் முடிவதே அரிதாக இருக்கிறது. மதிப்பிடுபவர்களுக்கு இது முன்கூட்டியே தெரியாதா?

பதில்: தெரியும். அதனால்தான் துறை தரும் செலவுத் தொகையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மிகைநம்பிக்கைக்காகச் செலவைக் கூட்டிக் காட்டுவது பிரிட்டன் வழிகாட்டியில் எழுதப்பட்ட நடைமுறை. வழக்கத்துக்கு மாறான கட்டுமானப் பணிகளுக்கு மூலதனச் செலவில் அதிகபட்சம் 66 விழுக்காடு கூட்டச் சொல்லும் அந்த வழிகாட்டி, கருவிகளும் மென்பொருளும் அடங்கும் ‘சாதனம் மற்றும் உருவாக்கம்’ என்ற பிரிவுக்கு 10 முதல் 200 விழுக்காடு வரை என்கிறது. 200 விழுக்காடு என்றால் 100 கோடி 300 கோடியாகிறது. துறைச் செயலாளர்களுக்கு எங்கள் மேல் கோபம் வரும் இடங்களில் இது முதன்மையானது.

ஆனால் சராசரியைக் கூட்டிவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது என்பதுதான் இங்குள்ள சிக்கல். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1,471 தகவல் தொழில்நுட்பத் திட்டங்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி, சராசரிக் கூடுதல் செலவு 27 விழுக்காடு மட்டுமே. அதைக் கேட்டால் நிலைமை மோசமில்லை என்றே தோன்றும். ஆனால் ஆறில் ஒரு திட்டத்தில் செலவு சராசரியாக 200 விழுக்காடு எகிறியிருந்தது. அந்த ஆறில் ஒன்று நம் திட்டமா என்பதைத்தான் மதிப்பிடுபவர் தேட வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை ஊதிய மென்பொருளுக்கு முதலில் போட்ட ஒப்பந்தம் ஏறத்தாழ 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 2013இல் விசாரணை ஆணையம் தன் அறிக்கையைத் தந்தபோது மொத்தச் செலவு 120 கோடி டாலர் அளவுக்குப் போகும் என்ற நிலை இருந்தது.

செலவு கூடுவது மட்டும்தான் தோல்வி என்று எண்ணிவிடவும் கூடாது. கனடாவில் கூட்டரசு ஊழியர்களுக்கான ‘ஃபீனிக்ஸ்’ ஊதிய அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் அதற்கு 15.5 கோடி கனடா டாலர் ஒப்புதல் பெறப்பட்டது. 2012இல், அமைப்பை உருவாக்க 27.4 கோடி டாலர் தேவைப்படும் என்று ஒப்பந்த நிறுவனம் தெரிவித்தது. அந்த இடத்தில் திரும்பிச் சென்று கூடுதல் நிதி கேட்டிருக்க வேண்டும், அல்லது திட்டத்தையே மறுபரிசீலனை செய்திருக்க வேண்டும். மாறாக, பழைய தொகைக்குள் அடங்கும்படி அமைப்பைச் சுருக்கினார்கள்: 984 ஊதியச் செயல்பாடுகளில் ஏறத்தாழ 100 நீக்கப்பட்டன, ஒரு துறையில் மட்டும் முன்னோட்டமாக ஓட்டிப் பார்க்கும் சோதனையும் கைவிடப்பட்டது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சம் என்பது வாக்குறுதி. அந்த மிச்சத்துக்காகத் துறைகளில் இருந்த ஊதிய ஆலோசகர் பணியிடங்களையும் முன்னதாகவே குறைத்துவிட்டார்கள். 2016 பிப்ரவரியில் அமைப்பு தொடங்கப்பட்டபோது தவறுகளைக் கையால் திருத்தக்கூடிய அனுபவசாலிகள் பலர் பணியில் இல்லை. பத்தாயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் குறைவாகவோ கூடுதலாகவோ சேர்ந்தது, சிலருக்குச் சேரவே இல்லை. 2018இல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார்.

இதில் ஒரு பொருளியலாளர் கவனிக்க வேண்டியது, செலவுத் தொகை கடைசி வரை ‘கட்டுக்குள்’ இருந்தது என்பதே. தொகை மாறாமல் இருக்கிறது என்று அறிக்கை சொன்னால், அந்தத் தொகைக்கு வாங்கும் பொருளும் மாறாமல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கேள்வி: எல்லோருக்கும் பொதுவான அடையாளச் சரிபார்ப்புத் தளம் ஒன்றை அமைத்தால் எல்லாத் துறைகளும் பயன்பெறும் அல்லவா? இதை மதிப்பிடுவதில் என்ன சிரமம்?

பதில்: தளத்தைக் கட்டுபவர் ஒருவர், பயனை ஈட்டித் தர வேண்டியவர்கள் வேறு பலர் என்பதுதான் சிரமம். பிரிட்டனின் ‘கவ்.யூகே வெரிஃபை’ தளம் இதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டு. 2020க்குள் 2.5 கோடிப் பயனர்கள் என்பது இலக்கு. 2019 பிப்ரவரியில் இருந்தவர்கள் 36 லட்சம் பேர். விண்ணப்பிப்பவர்களில் 90 விழுக்காட்டினரின் அடையாளம் வெற்றிகரமாகச் சரிபார்க்கப்படும் என்று 2015இல் கணித்திருந்தார்கள். கிடைத்தது 48 விழுக்காடு. 2016–17 முதல் நான்கு ஆண்டுகளுக்குக் கணித்திருந்த நிதிப் பயன் 87.3 கோடி பவுண்டிலிருந்து 21.7 கோடியாகக் குறைக்கப்பட்டது. இவை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019இல் வெளியிட்ட எண்கள். தளம் 2023இல் மூடப்பட்டது.

இத்தகைய கோப்பில் பயனர் எண்ணிக்கை வளைகோடு ஒன்று இருக்கும். முதலில் மெல்ல எழுந்து, பிறகு விறுவிறுவென்று ஏறி, உச்சியில் சமனாகும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் எந்தத் துறை, எந்த ஆண்டில், எந்தச் சேவையை இத்தளத்தோடு இணைப்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று கேட்பேன். ஒப்புதல் கடிதம் இருக்கும் துறைகளை மட்டும் வைத்து ஒரு கணக்கு, எல்லாத் துறைகளையும் வைத்து ஒரு கணக்கு என இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அமைச்சருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கேள்வி: நான் மென்பொருள் பொறியாளர். சிறுசிறு பகுதிகளாகக் கட்டித் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையில், என்ன கட்டப் போகிறோம் என்பதே போகப்போகத்தான் தெரியும். பத்தாண்டுக்கான செலவையும் பயனையும் முதல் நாளே எழுதித் தரச் சொல்வது பழங்காலத்து முறை அல்லவா?

பதில்: பாதி உண்மை. தேவை என்னவென்று தெரியாத நிலையில் பத்தாண்டுக் கணக்கைத் தசமப் புள்ளி வரை எழுதச் சொன்னால், துறைகள் எழுதித்தான் தரும். அது கற்பனையாக இருக்கும். அந்தக் கற்பனையைக் கேட்டு வாங்குவதில் மதிப்பீட்டுப் பிரிவுகளுக்கும் பங்குண்டு என்று நான் கருதுகிறேன்.

மறுபாதி இது. தெரியாமல் இருப்பதற்கும் ஒரு பொருளியல் உண்டு. சிறு தொகையைச் செலவிட்டு ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொண்டு, அதன் பிறகு தொடரலாமா நிறுத்தலாமா என்று முடிவெடுக்கும் உரிமைக்கு மதிப்பு இருக்கிறது. நிச்சயமின்மை கூடக்கூட அந்த உரிமையின் மதிப்பும் கூடும். ஆகவே முழுத் தொகைக்கும் ஒரே ஒப்புதல் தருவதற்குப் பதிலாக, தேவையை ஆராயும் கட்டம், மாதிரியைக் கட்டிப் பார்க்கும் கட்டம், குறைந்த பயனர்களோடு இயக்கும் கட்டம் என்று பிரித்து நிதி தருவது முறையானது. பல அரசுகள் அவ்வாறே செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பு, எந்த விடை கிடைத்தால் நிறுத்திவிடுவோம் என்பதை எழுதி வைக்க வேண்டும். ‘முன்னோட்டத்தில் பத்தில் நான்கு பேருக்குக் குறைவானவர்களே உதவியின்றிப் படிவத்தை முடித்தால், அடுத்த கட்டத்துக்கு நிதி கோர மாட்டோம்’ என்பதைப் போன்ற ஒரு வாக்கியம். அது இல்லாத கட்டமுறை ஒப்புதல், முழு ஒப்புதலைத் தவணையில் தருவதாகவே முடிகிறது. நிறுத்தும் நிபந்தனையை எழுதச் சொன்னால் அஜைல் ஆர்வலர்களும் சற்றுத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மானியம் தகுதியற்றவர்களுக்குப் போவதைக் கணினிமயமாக்கம் தடுக்கிறது. அப்படித் தடுக்கப்படும் தொகை முழுவதையும் திட்டத்தின் பயனாகச் சேர்க்கலாமா?

பதில்: நிதிக் கோணத்தில் சேர்க்கலாம், அரசுக்கு அந்தப் பணம் மிஞ்சுகிறது. சமூகம் முழுமைக்குமான கணக்கில் அது கைமாறும் பணம். ஒருவர் இழந்ததை இன்னொருவர் பெறுகிறார். நாட்டின் வளம் அந்த அளவுக்குக் கூடிவிடவில்லை. மோசடி செய்தவரின் இழப்பை எதற்காகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. எந்த நிலைப்பாட்டை எடுத்தாலும் அதைக் கோப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. எவ்வளவு கசிகிறது, அதில் எவ்வளவைத் தொழில்நுட்பம் அடைக்கும் என்னும் இரண்டு எண்களுமே பெரும்பாலும் அனுமானங்கள். ஆதார் திட்டம் குறித்துத் தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனம் 2012இல் வெளியிட்ட செலவு–பயன் ஆய்வு, உள் வருவாய் வீதம் (போட்ட பணம் ஆண்டுக்கு ஈட்டித் தரும் வீதம்) 52.85 விழுக்காடு என்று கணித்தது. கசிவு குறையும் என்ற அனுமானத்தின் மேல் நின்ற எண் அது. அந்த அனுமானத்தைப் பொருளியலாளர்கள் பலர் அப்போதே கேள்விக்குள்ளாக்கினார்கள். பின்னர் ஜார்க்கண்டில் பொது விநியோகத்தில் கைரேகைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியபோது, 1.5 கோடி மக்களை உள்ளடக்கிக் குலுக்கல் முறையில் ஓர் ஆய்வு நடந்தது. அந்தக் கட்டாயத்தால் மட்டும் கசிவு குறையவில்லை. ஏற்கெனவே ஆதாரைக் குடும்ப அட்டையோடு இணைக்காதிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்போ சராசரியாக 10 விழுக்காடு குறைந்தது. எடை குறைத்துத் தருவதன் மூலம் நடக்கும் கசிவை, வாங்க வந்தவர் யார் என்று சரிபார்ப்பதால் தடுக்க முடியாது. எந்த வழியில் கசிகிறது என்று கேட்காமல் எவ்வளவு கசிகிறது என்று மட்டும் கேட்டால் இப்படி ஆகும். ஆந்திர அனுபவத்தையும் இதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒரே வகைத் தொழில்நுட்பம், எந்த இடத்தில் பொருத்தப்பட்டது என்பதைப் பொறுத்து வெவ்வேறு விளைவுகளைத் தந்திருக்கிறது.

தகுதியிருந்தும் விடுபட்டவர்களுக்கு நேரும் இழப்பைச் செலவுப் பக்கத்தில் தனி வரியாக எழுதுமாறு எல்லாத் துறைகளையும் நான் கேட்டுக்கொள்வதுண்டு. பலர் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே திருப்பி அனுப்புகிறார்கள்.

கேள்வி: வருங்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் தள்ளுபடி வீதத்தை எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?

பதில்: தனி அலுவலர் தீர்மானிப்பதில்லை, நிதியமைச்சகங்கள் விதித்திருப்பதைப் பயன்படுத்துகிறோம். பிரிட்டனில் முதல் 30 ஆண்டுகளுக்கு 3.5 விழுக்காடு. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை 7 விழுக்காடு என்று வகுத்திருந்தது. பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் 100, முதல் வீதத்தில் இன்று ஏறத்தாழ 71, இரண்டாவதில் 51. அணைக்கும் இரயில் பாதைக்கும் இந்த வேறுபாடு தலையெழுத்தையே மாற்றும். மென்பொருளின் ஆயுள் குறைவு என்பதால், வீதத்தைவிட ஆயுள் எத்தனை ஆண்டு என்ற அனுமானமே இங்கு வலியது. ஆயுளை 15 ஆண்டு என்று எழுதிவிட்டு, இடையில் புதுப்பிக்கும் செலவை விட்டுவிட்ட கோப்பைக் கண்டால் அதைத் திருப்பி அனுப்புவேன்.

கேள்வி: பாதி முடிந்த திட்டத்தை நிறுத்தினால் செலவழித்த பணம் வீண் என்கிறார் எங்கள் இயக்குநர். சரியா?

பதில்: செலவழித்த பணம், தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் திரும்பப் போவதில்லை, ஆகவே அது முடிவில் இடம்பெறக் கூடாது. பாடப்புத்தகம் இவ்வளவில் நிறுத்திக்கொள்ளும். நடைமுறையில் இந்த விதியையே ஒரு பொறியாக மாற்றிவிடுகிறார்கள். 100 கோடித் திட்டத்தில் 60 கோடி செலவான பிறகு, எஞ்சிய 40 கோடிக்கு 60 கோடிப் பயன் என்றால் விகிதம் 1.5; தொடர்வதே சரி. அடுத்த ஆண்டு அந்த 40 கோடியும் போய், முடிக்க இன்னும் 40 கோடி வேண்டும் என்கிறார்கள். பயன் அதே 60 கோடி, விகிதம் மறுபடியும் 1.5. ஒவ்வோர் ஆண்டும் தனியே பார்த்தால் முடிவு சரி. சேர்த்துப் பார்த்தால் பேரழிவு. ஆகவே முடிந்த செலவைக் கழித்துவிடுங்கள். ஆனால் ‘முடிக்க இவ்வளவுதான் ஆகும்’ என்று இதற்கு முன்பு சொன்ன வாக்குகள் எத்தனை முறை பொய்த்தன என்ற வரலாற்றைக் கழித்துவிடாதீர்கள். எஞ்சிய செலவை எவ்வளவு கூட்டி மதிப்பிட வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

கேள்வி: அமைச்சர் மேடையில் அறிவித்துவிட்ட திட்டத்துக்கு உங்கள் மதிப்பீடு வெறும் சடங்குதானே?

பதில்: சில நேரங்களில் அப்படித்தான். அறிவித்துவிட்ட திட்டத்தை ஒரு மதிப்பீட்டுக் குறிப்பு தடுத்து நிறுத்துவது அரிது. ஆனால் செய்வதா என்ற கேள்வி முடிந்துபோனாலும், எந்த அளவில், எந்த வரிசையில், எந்த நிபந்தனையோடு என்ற கேள்விகள் திறந்தே இருக்கும். எங்கள் உழைப்பின் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. மேலும் ஆவணத்துக்கு ஒரு வலிமை உண்டு. பிரிட்டனில், செலவிடும் பணத்துக்கு ஈடான பயன் இல்லை என்று துறையின் தலைமை அலுவலர் கருதினால், அமைச்சரின் எழுத்துபூர்வமான ஆணையைக் கோர முடியும். வழக்கமாக அது வெளியிடப்படும். எழுத்தில் தர வேண்டும் என்பதே பலவற்றைச் சீராக்கிவிடுகிறது.

திட்டம் முடிந்த பின்னும் எண்கள் பேசும். பிரிட்டன் தேசிய மருத்துவச் சேவையின் கணினித் திட்டம் 2002இல் தொடங்கி, 2011இல் கலைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அதன் இறுதிப் பயன் அறிக்கை 1,070 கோடி பவுண்டு பயனையும் 980 கோடி பவுண்டு செலவையும் காட்டியது. மேலோட்டமாகப் பார்த்தால் இலாபம். ஆனால் 2012 மார்ச் வரை செலவான 730 கோடிக்கு எதிரே கிடைத்திருந்த பயன் 370 கோடி மட்டுமே. எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு இனிமேல் வரும் என்ற எதிர்பார்ப்பு. தணிக்கை அலுவலகம் 2013இல் அதைத்தான் சுட்டிக்காட்டியது.

கேள்வி: இப்பணிக்கு வர விரும்புபவர் நிரல் எழுதக் கற்க வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. ஆர் (R) அல்லது பைத்தான் என்னும் நிரல் மொழி ஓரளவு தெரிந்தால் தரவைக் கையாள உதவும். அதைவிட, மற்றவர் எக்செல்லில் கட்டிய கணக்கீட்டு மாதிரியைத் திறந்து, எந்தக் கட்டத்தில் எந்த அனுமானம் ஒளிந்திருக்கிறது என்று பின்தொடரும் பொறுமை தேவை. 2012இல் பிரிட்டனின் மேற்குக் கடற்கரை இரயில் சேவையை நடத்தும் உரிமத்துக்கான ஏலம் கணக்கீட்டு மாதிரியில் இருந்த பிழைகளால் இரத்தானது. மறு ஆண்டே அரசின் முக்கிய மாதிரிகள் அனைத்தும் மறு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டு, மாதிரி ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்கும் மூத்த அலுவலர் இருக்க வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்கள், ஏதாவது ஒரு டிஜிட்டல் திட்டத்தைப் பற்றிய தணிக்கை அறிக்கையைத் தேர்ந்தெடுத்து, அதன் தொடக்கக் கணிப்புக்கும் இறுதி எண்ணுக்கும் இடையே எந்த அனுமானம் முதலில் உடைந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான் உறுப்பினராக அமரும் தேர்வுக் குழுக்களில் பெரும்பாலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன்.